காதால் கண்ட ஆட்டம்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் வாக்கு. ஆயினும், காதால் கேட்டதைக் கண்ணால் கண்டதாகவே நம்பி, அதற்காக மகிழ்ந்தும் அழுதும் வாழ்ந்த தலைமுறை ஒன்று உண்டு. வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்து, நூற்றுக்கணக்கான கல் தொலைவில் நடந்த பந்தாட்டத்தை நேர்முக வர்ணனை வழியே ‘பார்த்த’ தலைமுறை அது. அத்தலைமுறையைச் சேர்ந்த பெரியவர்கள் இன்றும் நம் வீடுகளில் இருக்கின்றனர். அவர்கள் கேட்டது என்ன, அவர்களுக்குச் சொன்னவர்கள் யார், அந்தக் கலை எங்கே பிறந்தது, அது இன்று நம் பிள்ளைகளுக்கு எந்த வகையில் உதவும் என்பனவற்றை இவ்விதழில் எழுத முற்படுகின்றோம்.

குருச்சேத்திரத்தில் நிகழ்ந்ததைப் பார்வையற்ற திருதராட்டிர மன்னனுக்குச் சஞ்சயன் எடுத்துரைத்த கதையை நாம் அனைவரும் அறிவோம். களத்தில் இல்லாதவனுக்குக் களத்தைக் காட்டுதல், தன் விருப்பு வெறுப்பை ஒதுக்கி நடந்ததை நடந்தவாறே கூறுதல், கேட்பவன் நெஞ்சு எதற்குத் துடிக்கின்றது என்பதை அறிந்து பேசுதல் ஆகிய மூன்றும் சஞ்சயனின் கடமைகளாக இருந்தன. வர்ணனையாளரின் கடமைகளும் இவையே.

பேஸ்பாலில் பிறந்த கலை

நம் நாட்டில் கிரிக்கெட் எவ்வாறோ, அவ்வாறே அமெரிக்காவில் பேஸ்பால். இரண்டும் ஒருவகையில் ஒன்றுவிட்ட உடன்பிறப்புகள் எனலாம். ஒருவர் பந்தை எறிகின்றார்; மற்றொருவர் மட்டையால் அடிக்கின்றார்; பிறர் களத்தில் நின்று தடுக்கின்றனர். ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடையே சிறிது ஓய்வு உண்டு. அந்த ஓய்வே வானொலிக்குக் கிடைத்த வரம் என்று கூறின் மிகையாகாது. இடைவிடாது ஓடும் ஆட்டங்களில் வர்ணிப்பவர் மூச்சு வாங்கவும் நேரமின்றித் திணறுவார். கிரிக்கெட்டிலும் பேஸ்பாலிலுமோ அவர் ஆடுகளத்தையும், வானத்தையும், ஆட்டக்காரரின் முகத்தையும், பழைய கதைகளையும் சொல்லிக்கொண்டே போகலாம்.

1921-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 5-ஆம் நாள், பிட்ஸ்பர்க் நகரத்து கே.டி.கே.ஏ. என்னும் வானொலி நிலையத்தின் ஹரால்டு ஆர்லின் என்ற இளைஞர், தொலைபேசிக் கருவியொன்றை ஒலிவாங்கியாக மாற்றி எடுத்துக்கொண்டு ஃபோர்ப்ஸ் ஃபீல்டு மைதானத்தில் அமர்ந்தார். பிட்ஸ்பர்க் அணி பிலடெல்பியா அணியை 8-க்கு 5 என்ற கணக்கில் வென்ற அந்த ஆட்டமே பெரும் பேஸ்பால் போட்டிகளுள் முதன்முதலாக வானொலியில் ஒலிபரப்பானது. அவருக்கு வழிகாட்ட எவரும் இலர். அதுவரை அவ்வாறு எவரும் பேசியதில்லை.

இப்புதுமையை எல்லோரும் வரவேற்றுவிடவில்லை. வீட்டிலிருந்தே ஆட்டத்தைக் கேட்க முடியுமாயின் பணம் கொடுத்து நுழைவுச் சீட்டு வாங்க யார் வருவார் என்று அணிகளின் உரிமையாளர்கள் அஞ்சினர். நியூயார்க் நகரத்து மூன்று அணிகளும் தமக்குள் உடன்பாடு செய்துகொண்டு 1934 முதல் 1938 வரை வானொலியை மைதானத்துக்குள் விடவில்லை. 1939-இல் புரூக்ளின் அணி ரெட் பார்பர் என்னும் தெற்கத்திய வர்ணனையாளரை அழைத்து வந்தபின்னரே அத்தடை தகர்ந்தது. வானொலி கேட்டவர்கள் மைதானத்தை மறந்துவிடவில்லை என்பதையும், கேட்டுப் பழகியவர்களே பார்க்கவும் வந்தனர் என்பதையும் காலம் காட்டிற்று.

தந்தி வழியே வந்த ஆட்டம்

அக்காலத்தில் வர்ணனையாளர்கள் எல்லா ஊர்களுக்கும் சென்றுவர இயலவில்லை. வெளியூர் ஆட்டத்தின் செய்தி தந்தியில் சுருக்கமாக வரும். நிலையத்துக்குள் அமர்ந்திருக்கும் வர்ணனையாளர் அச்சுருக்கத்தை வைத்துக்கொண்டு, மைதானத்திலேயே இருப்பவர்போல் விரித்துரைப்பார். மட்டையில் பந்து படும் ஓசைக்கு மரக்கட்டையைத் தட்டுவர். கூட்டத்தின் ஆரவாரத்துக்கு இசைத்தட்டைச் சுழல விடுவர்.

பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ரொனால்டு ரீகன், 1930-களில் அயோவா மாநிலத்து வானொலியொன்றில் இத்தொழிலைச் செய்தவர். ஒருமுறை ஆட்டத்தின் நடுவே தந்திக் கம்பி அறுந்து செய்தி நின்றுபோயிற்று. உண்மையைச் சொன்னால் கேட்பவர்கள் வேறு நிலையத்துக்குப் போய்விடுவர். ஆகவே, செய்தி மீண்டும் வரும்வரை பல நிமிடங்கள், மட்டை பிடித்தவர் பந்துக்குப் பின் பந்தாகப் பயனற்ற திசையில் அடித்துக்கொண்டிருந்ததாகவே அவர் கூறி வந்தார். இதனை அவரே பிற்காலத்தில் நகைச்சுவையோடு சொல்வதுண்டு.

கிரிக்கெட்டிலும் இவ்வழக்கம் இருந்தது. 1938-இல் ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்தில் ஆடியபோது, ஆஸ்திரேலிய ஒலிபரப்பு நிலையத்தார் கடல்கடந்து வந்த தந்திகளைக் கொண்டு, சிட்னி நகரத்து அறையொன்றில் இருந்தபடியே, பென்சிலால் மரத்தைத் தட்டி ஆட்டத்தை நடத்திக் காட்டினர். இதனை ஏமாற்று எனச் சிலர் கருதக்கூடும். அவ்வாறு நாம் எண்ணவில்லை. நடந்த செய்தியில் கைவைக்காமல் அதற்கு உயிரூட்டுவது ஒன்று; நடவாததை நடந்ததாகக் கூறுவது மற்றொன்று. முன்னது கலை, பின்னது, ரீகன் கதையில் உள்ளதுபோல், இக்கட்டில் பிறந்த குறும்பு.

மௌனத்தின் பேச்சு

பேஸ்பால் வர்ணனையாளர்களுள் தலைசிறந்தவராகப் பலராலும் போற்றப்பட்டவர் வின் ஸ்கல்லி. 1950 முதல் 2016 வரை, 67 ஆட்டப் பருவங்கள் ஒரே அணிக்கு, அதாவது டாட்ஜர்ஸ் அணிக்கு, அவர் குரல் கொடுத்தார், 2022-இல் மறைந்தார். அவ்வணி 1958-இல் புரூக்ளினை விட்டு லாஸ் ஏஞ்சலீஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. புதிய ஊரில் மக்கள் மிகப்பெரிய அரங்கமொன்றில் தொலைவிலிருந்து ஆட்டத்தைக் கண்டனர். கண்முன்னே நடப்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள அவர்கள் கையில் டிரான்சிஸ்டர் வானொலியைக் கொண்டுவந்து ஸ்கல்லியின் பேச்சைக் கேட்டனர். மைதானத்திலேயே அமர்ந்து, ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே, அதன் வர்ணனையையும் கேட்ட கூட்டம் அது. நம் சேப்பாக்கத்திலும் டிரான்சிஸ்டரைக் காதில் வைத்தபடி ஆட்டம் பார்த்த பெரியவர்களை நினைத்துக்கொள்வோர்க்கு இது வியப்பாக இராது.

1974-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள், ஹாங்க் ஆரன் என்னும் கறுப்பின வீரர் தமது 715-ஆவது ‘ஹோம் ரன்’ அடித்து, பேப் ரூத் என்பவரின் நெடுநாளைய சாதனையை முறியடித்தார். வெள்ளையரான ரூத்தின் சாதனையை நெருங்கியதற்காகவே ஆரனுக்குக் கொலை மிரட்டல் கடிதங்கள் வந்துகொண்டிருந்த காலம் அது. பந்து எல்லையைக் கடந்ததைச் சொன்ன ஸ்கல்லி, அதன்பின் ஒலிவாங்கியை விட்டு எழுந்து சற்றே விலகி நின்றார். கூட்டத்தின் ஆரவாரம் மட்டுமே வானலையில் சென்றது. மீண்டும் அவர் பேசியபோது, நாட்டின் தெற்குப் பகுதியிலேயே கறுப்பர் ஒருவருக்கு மக்கள் எழுந்து நின்று கைதட்டுவதன் பொருளை எடுத்துரைத்தார். எப்போது பேசாதிருக்க வேண்டும் என்பதை அறிந்தவரே பேசத் தெரிந்தவர் ஆவார்.

குடிபெயர்ந்தோர்க்கு ஒரு குரல்

இனி, வேற்று மாநிலத்தில் வாழும் நாம் சிறப்பாக அறிய வேண்டிய ஒருவரைக் கூறுவோம். அவர் பெயர் ஹைமே ஹரீன். தென் அமெரிக்காவின் ஈக்வடார் நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி லாஸ் ஏஞ்சலீஸ் வந்தவர். அவர் நாட்டில் பேஸ்பால் அவ்வளவாக ஆடப்படுவதில்லை. ஆயினும் 1959-ஆம் ஆண்டில், டாட்ஜர்ஸ் ஆட்டங்களை ஸ்பானிய மொழியில் வர்ணிக்கும் பணி அவரிடம் வந்தது. ஆட்டத்தையும் கற்றுக்கொண்டு, அதன் சொற்களையும் தம் மொழியில் அமைத்துக்கொண்டு, அவர் பேசத் தொடங்கினார்.

வெளியூர் ஆட்டங்களுக்கு ஸ்பானிய வர்ணனையாளர்களை அனுப்பும் வழக்கம் தொடக்கத்தில் இல்லை. எனவே ஹரீனும் அவருடைய துணைவரும் நிலையத்தில் அமர்ந்து, வின் ஸ்கல்லியின் ஆங்கில வர்ணனையைக் காதில் கேட்டுக்கொண்டே, உடனுக்குடன் அதனைத் தம் மொழியில் தம் மக்களுக்கு வழங்கினர். தோட்டங்களிலும் ஆலைகளிலும் சமையற்கூடங்களிலும் உழைத்த மெக்சிகோ நாட்டுக் குடும்பங்கள், புதிய நகரத்தின் ஆட்டத்தைப் பழைய மொழியில் கேட்டன. 1981-இல் மெக்சிகோவிலிருந்து பெர்னாண்டோ வலென்சுவேலா என்னும் இளம் பந்தெறிவாளர் வந்து நாட்டையே மயக்கியபோது, செய்தியாளர்களுக்கும் அவருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக நின்றவர் ஹரீன்தான். 1998-இல் பேஸ்பால் புகழ்மன்றம் வர்ணனையாளர்க்கு வழங்கும் ஃபோர்டு ஃபிரிக் விருதை அவர் பெற்றார். 64 பருவங்கள் உழைத்து 2022-இல் ஓய்வு பெற்றார்.

தாய்மொழியைக் காப்பதற்குப் பள்ளியும் நூலும் வேண்டும் என்கின்றோம். அது உண்மையே. ஆனால், பிள்ளை தானே விரும்பிச் செல்லும் இடத்தில் தாய்மொழி அவனுக்கு முன்பே சென்று காத்திருக்குமாயின், அதுபோன்ற காவல் வேறில்லை. ஹரீனின் வாழ்க்கை கற்பிக்கும் பாடம் இதுவே.

நம் நாட்டில்

இந்தியாவில் கிரிக்கெட் நேர்முக வர்ணனையைத் தொடங்கி வைத்தவர் என்று பாராட்டப்படுபவர் பம்பாயின் பாபி தல்யார்கான். 1934-இல் பம்பாய் மைதானத்தில் நடந்த பார்சி, முஸ்லிம் அணிகளின் ஆட்டத்தை அவர் வர்ணித்தார். காலையில் ஒலிவாங்கியின் முன் அமர்ந்தால் மாலை வரை தாம் ஒருவரே பேசுவார். ஒலிவாங்கியைப் பிறரோடு பகிர்ந்துகொள்ள அவர் உடன்படவில்லை. நாடு விடுதலை பெற்றபின், பலர் முறைவைத்துப் பேசும் ஏற்பாட்டை வானொலி நிலையம் கொணர்ந்தபோது அவர் விலகிக்கொண்டார். அவருக்குப் பின்னர் பெரி சர்வாதிகாரி, விஜயநகரத்து மகாராஜகுமாரர், பியர்சன் சுரிதா, தேவராஜ் பூரி முதலானோரின் குரல்கள் வீடுகளில் ஒலித்தன.

சென்னையின் குரலாக விளங்கியவர் பாலு அளகநன். 1954-55-இல் சென்னை அணி முதன்முறையாக ரஞ்சிக் கோப்பையை வென்றபோது அதன் தலைவராக இருந்தவர் அவரே. ஆடி ஓய்ந்தபின் ஆங்கில வர்ணனையாளராக அமர்ந்து, அளந்த சொற்களால் சேப்பாக்கத்தைப் படம்பிடித்துக் காட்டினார். பொங்கல் திருநாளையொட்டி நடைபெறும் டெஸ்ட் ஆட்டத்தின் வர்ணனை, கரும்பும் மஞ்சளும்போல் பல வீடுகளில் பண்டிகையின் ஒரு பகுதியாகவே இருந்தது.

கன்னட நாட்டுக்கும் வானொலிக்கும் உள்ள உறவு மிகப் பழமையானது. 1935-இல் மைசூரில் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி தம் இல்லத்திலேயே ஒரு நிலையத்தை நிறுவினார். ‘ஆகாசவாணி’ என்ற பெயர் அந்நிலையத்துக்கு உரியதாக இருந்து, பின்னர் நாடு முழுமைக்கும் உரியதாயிற்று. 1955-இல் அந்நிலையம் பெங்களூருக்கு வந்தது.

நம் பீன்யாவை அடுத்துள்ள ஜாலஹள்ளியில், 1954-இல் நிறுவப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையை நாம் நாள்தோறும் கடந்து செல்கின்றோம். 1960-களின் தொடக்கத்தில் அங்கே வானொலி வால்வுகளும், பின்னர் டிரான்சிஸ்டர்களும், அகில இந்திய வானொலிக்கான ஒலிபரப்புக் கருவிகளும் செய்யப்பட்டன. மேசையளவு பெரிதாக இருந்த வானொலிப் பெட்டி சட்டைப் பையளவாகச் சுருங்கி, செல்வர் வீட்டுக் கூடத்திலிருந்து தேநீர்க் கடைக்கும் பட்டறைக்கும் இறங்கி வந்ததில், நம் அண்டை ஊரின் உழைப்பும் கலந்திருக்கின்றது. அந்நாளில் வானொலிப் பெட்டி வைத்திருப்போர் அஞ்சல் நிலையத்தில் ஆண்டுதோறும் கட்டணம் கட்டி உரிமம் பெற வேண்டும் என்பதை இன்றைய இளைஞர் நம்பமாட்டார். 1980-களில்தான் அவ்வழக்கம் ஒழிந்தது.

பட்டறையில் ஒரு சஞ்சயன்

நம் சங்கத்து மூத்த அன்பர் ஒருவர், பீன்யா இரண்டாம் கட்டத்தில் லேத் பட்டறையொன்றில் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்றவர், தருமபுரி மாவட்டத்தினர். அண்மையில் அவரோடு உரையாடிக்கொண்டிருந்தபோது 1987-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்துச் செய்தியொன்றைக் கூறினார்.

பெங்களூர் சின்னசுவாமி அரங்கில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிய டெஸ்ட் ஆட்டம் அது. பந்து கண்டபடி திரும்பிய ஆடுகளம். வெற்றிக்கு 221 ஓட்டங்கள் தேவை. சுனில் கவாஸ்கர் தாம் ஆடிய கடைசி டெஸ்ட் ஆட்டத்தில், பிறர் ஒவ்வொருவராக வீழ, தாம் மட்டும் மலைபோல் நின்றுகொண்டிருந்தார். முடிவு தெரியும் நாளான மார்ச்சு 17, செவ்வாய்க்கிழமை, வேலை நாள். மைதானம் பத்துப் பன்னிரண்டு கல் தொலைவுதான். ஆயினும் பட்டறையில் இருந்தவர்களுக்கு அது இலண்டன் மாநகரத்தைப் போன்றதே. ஒரு நாள் கூலியை இழக்க எவராலும் இயலாது.

பட்டறையில் ஒரு சிறு டிரான்சிஸ்டர் இருந்தது. வர்ணனையோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மாறி மாறி வந்தது. வேலை செய்தவர்களுள் தமிழர் அறுவர், கன்னடர் நால்வர், மலையாளி ஒருவர். ஆங்கிலம் அறிந்தவர் கணக்கெழுதும் இளைஞர் ஒருவர் மட்டுமே. இயந்திரங்கள் ஓடத் தொடங்கினால் வானொலியில் கரகரப்பே மிஞ்சும். ஆகவே அந்த இளைஞர் டிரான்சிஸ்டரைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு வாயிற்படியில் நின்று, கேட்டதை இயந்திர ஓசைக்கும் மேலாக உரத்த குரலில் தமிழில் சொல்லுவார். பிறகு அதையே கன்னடத்திலும் கூறுவார். இந்தி வர்ணனை வரும்போது அவருக்கும் விளங்காது. அப்போது ஆட்டக்காரர்களின் பெயரையும் கூட்டத்தின் ஓசையையும் கொண்டே ஊகித்து, “ஆபத்து ஒன்றும் இல்லை அண்ணா, நீங்கள் வேலையைப் பாருங்கள்” என்பாராம்.

கவாஸ்கர் 96 ஓட்டங்களில் இக்பால் காசிமின் பந்தில் பிடிகொடுத்து வெளியேறியபோது, அந்த இளைஞர் ஒன்றும் சொல்லவில்லையாம். வானொலியைக் காதிலிருந்து எடுத்துவிட்டுப் பேசாமல் நின்றாராம். “அவர் முகத்தைப் பார்த்தே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. என் லேத்தை நான் நிறுத்திவிட்டேன். பக்கத்து லேத்தும் நின்றது” என்றார் நம் அன்பர். இறுதியில் நம் நகரத்து வீரரான ரோஜர் பின்னி கடைசியாக ஆட்டமிழக்க, இந்தியா 16 ஓட்டங்களில் தோற்றது.

இக்கதையைக் கேட்டபோது நமக்கு ஹைமே ஹரீனின் நினைவு வந்தது. லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் ஊதியமும் விருதும் பெற்று ஒருவர் செய்ததை, பீன்யாவின் பட்டறை வாயிலில் பெயரறியா இளைஞர் ஒருவர் எவ்விதப் பயனும் கருதாது செய்திருக்கின்றார். ஆரன் அடித்த பந்துக்கு ஸ்கல்லி காத்த மௌனத்தை, அவரைப் பற்றிக் கேள்வியுற்றிராத அவ்விளைஞரும் காத்திருக்கின்றார்.

தமிழ் வர்ணனை எழுந்த வரலாறு

கிரிக்கெட்டைத் தமிழில் சொல்ல முடியுமா என்ற ஐயம் படித்தவர்களிடையே நெடுநாள் இருந்தது. ‘சில்லி பாயிண்ட்’டுக்கும் ‘கூக்ளி’க்கும் தமிழ் எங்கே என்று நகைத்தவர்களும் உண்டு. அவ்வையத்தைப் போக்கியவர்கள் சென்னை வானொலியின் தமிழ் வர்ணனையாளர்கள். சாத்தான்குளம் அப்துல் ஜப்பார், இராமமூர்த்தி, சிறுவர் நிகழ்ச்சிகளால் ‘வானொலி அண்ணா’ எனப் புகழ்பெற்ற கூத்தபிரான் முதலானோர் தமிழில் வர்ணித்தபோது, ஆங்கிலம் அறியாத உழவரும், நெசவாளரும், இல்லத்தரசியரும் இவ்வாட்டத்துக்கு உரியவராயினர். அப்துல் ஜப்பார் அவர்கள் 2020 டிசம்பரில் மறைந்தபோது, உலகெங்கும் வாழும் தமிழர் தம் இளமைக் காலத்து மாலைப்பொழுதுகளை நினைந்து வருந்தினர்.

அவர்கள் எதிர்கொண்ட இடர் சொற்கள் மட்டுமன்று. தமிழின் வாக்கிய அமைப்பும் ஓர் இடராகவே இருந்தது. ஆங்கிலத்தில் வினைச்சொல் முன்னே வரும். அடித்தார் என்பதை முதலில் சொல்லி, எங்கே, எவ்வாறு என்பதைப் பின்னர்ச் சொல்லலாம். தமிழிலோ வினைமுற்று இறுதியில் நிற்கும். ‘வலப்புறமாக வந்த அளவு குறைந்த பந்தை மிக இலாவகமாகப் பின்னோக்கிச் சென்று’ என்று சொல்லிக்கொண்டே போனால், ‘அடித்தார்’ என்னும் சொல் வருவதற்குள் பந்து எல்லைக்கோட்டைக் கடந்து, எடுத்துவரவும் பட்டுவிடும். எனவே வானொலித் தமிழர் வாக்கியத்தைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கினர். ‘ஓடி வருகிறார்... வீசுகிறார்... அடித்தார்... நான்கு!’ என வரும்வரை நிகழ்காலமும் விளைவுக்கு இறந்தகாலமுமாக அவர்கள் வகுத்துக்கொண்ட நடை, வில்லுப்பாட்டும் கதாகாலட்சேபமும் கேட்டுப் பழகிய காதுக்கு மிகவும் இசைவாக இருந்தது.

சொற்களைப் பொறுத்தவரை அவர்கள் நடுவழியைக் கைக்கொண்டனர். ஓட்டம், பந்துவீச்சு, எல்லைக்கோடு, நடுவர், ஆட்டமிழப்பு என்பன தமிழாயின. விக்கெட், ஓவர் என்பன அவ்வாறே நின்றன. ஈழத்துத் தமிழரோ மேலும் ஒருபடி சென்று, துடுப்பாட்டம், களத்தடுப்பு, விக்கெட் காப்பாளர், நாணயச் சுழற்சி என்று அழகுற அமைத்து, நாளேடுகளிலும் ஒலிபரப்பிலும் அவற்றை நிலைநிறுத்தினர். எது சிறந்தது என்று வழக்காட நாம் விரும்பவில்லை. கேட்பவனுக்கு உடனே விளங்க வேண்டும். விளங்கியபின் அவன் நாவிலும் தங்க வேண்டும். அவ்விரண்டும் நிறைவேறினால் சொல் வெற்றி பெற்றதாகும்.

1986 செப்டம்பர் 22-ஆம் நாள் சேப்பாக்கத்தில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 348 ஓட்டங்கள் தேவை. கடைசி ஓவரின் ஐந்தாம் பந்து. இரு அணிகளின் எண்ணிக்கையும் சமம். மறுமுனையில் 48 ஓட்டங்களுடன் இரவி சாஸ்திரி. கிரெக் மாத்யூஸ் வீச, மணிந்தர் சிங்கின் காலில் பந்து பட, நடுவரின் கை உயர்ந்தது. வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, வெறும் சமநிலையும் இல்லை. டெஸ்ட் வரலாற்றிலேயே அதற்கு முன்னர் ஒரே ஒருமுறை நிகழ்ந்த ‘டை’. இதனைத் தொலைவில் இருப்பவனுக்கு ஒரு மூச்சில் விளங்கச் சொல்லுதல் எளிதன்று. அத்தகைய கணங்களுக்காகவே வர்ணனையாளர் வாழ்நாளெல்லாம் பயில்கின்றார்.

இன்றைய நிலை

தொலைக்காட்சி வந்தது, வானொலியின் ஆட்சி சுருங்கிற்று. வானலைகள் பொதுமக்களின் சொத்து, அரசுக்கோ தனியார்க்கோ மட்டும் உரியனவல்ல என்று 1995 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததும் ஒரு கிரிக்கெட் ஒலிபரப்பு வழக்கில்தான் என்பது குறிப்பிடத்தக்கது. அதன்பின் தனியார் தொலைக்காட்சிகள் பெருகின. 2017-இல் தமிழுக்கெனத் தனி விளையாட்டுத் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே கன்னடத்துக்கும் வந்தது. ஸ்ரீகாந்த், பத்ரிநாத் போன்ற முன்னாள் வீரர்கள் இன்று தமிழில் உரையாடுகின்றனர். கைப்பேசியில் ஒரு பொத்தானை அழுத்தினால் வேண்டிய மொழியில் ஆட்டம் கிடைக்கின்றது.

இன்றைய வர்ணனையில் ஆங்கிலம் மிகுதியாகக் கலந்திருக்கின்றது, அரட்டையாகிவிட்டது என்று பெரியவர்கள் குறைப்படுவதைக் கேட்கின்றோம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் தொலைக்காட்சியில் கண் வேலை செய்கின்றது. சொல்லுக்குப் பாதி வேலையே எஞ்சுகின்றது. பார்ப்பவனுக்குத் துணையாகப் பேசுவதும், பாராதவனுக்குக் கண்ணாக நிற்பதும் வெவ்வேறு கலைகள். ஆட்டத்தின் நுட்பங்களை ஆடியவர்களே தமிழில் விளக்கக் கேட்பது முந்தைய தலைமுறைக்குக் கிடைக்காத பேறு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சொல்லின் அருமையை உணர்த்த ஓர் எடுத்துக்காட்டுப் போதும். 1983 ஜூன் 18-ஆம் நாள், இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸ் ஊரில், இந்தியா 17 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளை இழந்து தத்தளித்தபோது, கபில் தேவ் ஆட்டமிழக்காமல் 175 ஓட்டங்கள் எடுத்தார். அவ்வாட்டத்தின் காட்சிப் பதிவு உலகில் எங்குமே இல்லை. கண்டவர்கள் சொன்ன சொல்லாலேயே அது இன்றும் வாழ்கின்றது.

நாம் செய்யத்தக்கது

நம் பீன்யாவிலும், தாசரஹள்ளியிலும், லக்கெரேயிலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் வீட்டில் தமிழும், தெருவில் கன்னடமும், பள்ளியில் ஆங்கிலமும் பேசுகின்றனர். இது குறையன்று, செல்வம். பட்டறை வாயிலில் நின்ற இளைஞர் இரு மொழியிலும் கூறியதால்தான் பதினொருவரும் ஒரே ஆட்டத்தைக் கண்டனர். ஆனால் நம் பிள்ளைகள் பலரின் தமிழ், ‘சாப்பிடு, வா, போ’ என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றது. எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னால் முகம் சுளிக்கின்றனர். அவர்களையே தெருவில் ஆடவிட்டுப் பாருங்கள், வாய் ஓயாது.

ஆகவே நாம் ஒன்று கூறுகின்றோம். அடுத்துவரும் பொங்கல் விளையாட்டு நாளில், சிறுவர் கிரிக்கெட் ஆட்டத்தின்போது ஒலிபெருக்கியை ஒரு பிள்ளையிடம் கொடுப்போம். ஐந்து ஓவர்களுக்கு ஒருவர் என்று முறை வைப்போம். ஆணாயினும் பெண்ணாயினும், விரும்புவோர் தமிழில் வர்ணிக்கட்டும். கன்னட நண்பர்களுக்காக ஓட்ட எண்ணிக்கையைக் கன்னடத்திலும் சொல்லட்டும். தடுமாறினால் பெரியவர்கள் நகைக்க வேண்டாம். இல்லத்திலும், தொலைக்காட்சியின் ஓசையை அடக்கிவிட்டு, ‘தாத்தாவுக்குக் கண் தெரியவில்லை, நீ சொல்லு’ என்று பேரனிடமோ பேத்தியிடமோ கேட்டுப் பாருங்கள். அப்பிள்ளை சொல் தேடும். கிடைக்காதபோது உங்களைக் கேட்கும். தமிழ் வகுப்புக்கு அதைவிட நல்ல தொடக்கம் வேறு வேண்டுமோ?

நாம் மேலே குறித்த மூத்த அன்பர்க்கு இப்போது உண்மையிலேயே பார்வை மங்கியிருக்கின்றது. அவருடைய பேத்தி எட்டாம் வகுப்பு மாணவி. மாலையில் ஆட்டம் நடக்கும்போது அவர் அருகில் அமர்ந்து, தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் கலந்து அப்பெண் ஆட்டத்தை எடுத்துரைக்கின்றாள். “பிழையாகச் சொல்கிறாளா?” என்று கேட்டோம். “நிறையப் பிழை. ஆனால் விக்கெட் விழுந்தால் அவள் பேச்சை நிறுத்திவிடுவாள். அதிலேயே எனக்குத் தெரிந்துவிடும்” என்றார் அவர்.